வேங்கைக்கு வரவேற்பு இரண்டு மணிக்கு

ஆவடி பசுஞ்சோலை அடுக்ககத்தில் மரம் கிடையாது. ஆனால் வெயிலைப் பற்றிப் பேச ஸ்ரீநாத் இருந்தார். மென்பொருள் கம்பெனி ஒன்றில் மேலாளர். ஞாயிறுதோறும் அடுக்ககத்தின் கூடத்தில், ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டுச் சைக்கிள் குழுவுக்கு வகுப்பெடுப்பார். "வெயில் வெளிய இல்ல. இங்க இருக்கு" என்று நெற்றிப்பொட்டைத் தட்டுவார். கேட்பவர்கள் துப்பட்டாவையும் துண்டையும் இழுத்துப் போர்த்திக்கொண்டு தலையாட்டுவார்கள்.

ஒரு வகுப்பைக்கூடத் தவறவிடாதவர் கிருபாகரன். மண்ணூர்பேட்டையில் பிறந்து, அங்கேயே ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்ப்பவர். பருத்த உடம்பு. டாக்டர் நடக்கச் சொன்னார். ஸ்ரீநாத் திருப்பதி வரை மிதிக்கச் சொன்னார். கிருபாகரன் ஸ்ரீநாத் பேச்சைத்தான் கேட்டார். டாக்டர் அவ்வளவு நேரம் பேசவில்லை.

கத்திரி வெயிலில் திருப்பதி போய்த் திரும்புவது என்று குழு ஒருமனதாக முடிவெடுத்தது. கிளம்புகிற வாரத்தில் எல்லோர் வீட்டிலும் காதுகுத்து வந்துவிட்டது. மிஞ்சியது இவர்கள் இருவர்தான்.

போகும்போது குறையில்லை. விடியுமுன் மிதித்து, வெயில் ஏறுமுன் ஒதுங்கினார்கள். திரும்பும் நாளில்தான் சிக்கல். வரவேற்பு மதியம் இரண்டு மணிக்கு. ஏற்பாடு, அடுக்ககச் சங்கச் செயலாளர் தட்சிணாமூர்த்தி; நேரம் குறித்தது ஸ்ரீநாத். வெயிலை வென்றவர் வெயில் தாழ்ந்த பிறகு வந்து இறங்கினால் அதில் என்ன கெத்து?

திருவள்ளூர் தாண்டும்போது கிருபாகரன் கால் ஊன்றிவிட்டார். முகம் செங்கல் நிறத்தில் இருந்தது.

"சார், தலை கிர்ருங்குது. கொஞ்சம் நெழல்ல குந்திட்டுப் போலாமா? தோ, கூழு வண்டி கூட கீது."

"கிருபா, நிழல்ங்கறது ஒரு போதை. ஒரு தடவ உக்காந்தா எழுந்திருக்க மாட்டீங்க. நான் நிக்கப் போறதில்ல. நீங்க மெதுவா வாங்க. ஆனா நிக்காதீங்க."

"நீங்க சொன்னா சரி சார்."

ஸ்ரீநாத் பறந்தார். கிருபாகரன் கண்ணிலிருந்து மறையும்வரை பறந்தார். அதன்பிறகு காக்களூர்ப் பக்கம் ஓரங்கட்டி வாந்தி எடுத்தார். நின்றிருந்த லாரி ஒன்றின் நிழலில் உட்கார்ந்தார். லாரி கிளம்பிப் போய்விட்டது. எழுந்து சைக்கிளைத் தள்ளினார். கால் தானாகவே புட்லூர் ஸ்டேஷன் பக்கம் திரும்பியது.

மின்சார ரயிலின் வியாபாரிகள் பெட்டியில் கூடைகளுக்கு நடுவே சைக்கிளை ஏற்றினார். தலைக்கு நேர் மேலே மின்விசிறி. அதன்கீழ் வெள்ளரிப்பிஞ்சுக் கூடையோடு ஒரு பெண், மங்களம் என்று மற்ற கூடைக்காரர்கள் கூப்பிட்டார்கள், அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா நைனா, ஓட்டற வண்டிய தூக்கிகினு வர்ற?"

"பஞ்சர்."

"ரெண்டு டயரும் கும்முனு கீதே!"

பெட்டி முழுக்கச் சிரித்தது. "உடு மங்களம், அண்ணாத்தேக்குத்தான் காத்து எறங்கிச்சு போல" என்றது கீரைக்கட்டுகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். மங்களம் சிரித்துக்கொண்டே ஒரு பிஞ்சை நீட்டினாள். வாங்கித் தின்றார். அதைப்போல ஒன்றை அவர் வாழ்நாளில் தின்றதில்லை.

கிருபாகரனைக் கூப்பிடலாம் என்று கைப்பேசியை எடுத்தார். 'நானும் நின்னுட்டேன்.' இரண்டே வார்த்தை. கைப்பேசியை உள்ளே வைத்தார். சாலை தெரிகிற ஜன்னல் பக்கமிருந்து எழுந்து மறுபக்கம் போய் உட்கார்ந்தார்.

நெமிலிச்சேரியில் இறங்கும்போது இன்னொரு கஷ்டம் வந்தது. விசிறிக் காற்றில் சட்டை சுத்தமாகக் காய்ந்திருந்தது. பிளாட்பாரக் குழாயில் தண்ணீர் பிடித்து, வேர்வை எங்கெங்கு வழியுமோ அங்கெல்லாம் அளவாக நனைத்துக்கொண்டார். மிச்சத்துக்கு ஆவடிவரை மிதித்தால் போதும்.

அடுக்ககத்தின் வாசலில் பந்தல், நாற்காலிகள், நாலு பெரிய விசிறிகள். 'வெயிலை வென்ற வேங்கையே வருக!' என்று ஆளுயர ஃப்ளெக்ஸ். அதில் ஸ்ரீநாத் கூலிங்கிளாஸில் சிரித்தார். கிருபாகரன் ஒரு மூலையில் தபால்தலை அளவில் இருந்தார். சரவெடி, ஆரத்தி, பொன்னாடை. தட்சிணாமூர்த்தி மைக்கைப் பிடித்தார்.

"கதிரவனே கைகூப்பிய கணம் இது!"

கைதட்டல்களுக்கு நடுவே கிருபாகரனின் மனைவி கனிமொழி முன்னால் வந்தாள். "அண்ணா, அவரு எங்க?"

"பின்னாடி வர்றார்மா. சூப்பரா ஓட்டறார்."

சொல்லி வாய் மூடவில்லை, அவள் கையிலிருந்த போன் அடித்தது. அவர்தான். தட்சிணாமூர்த்திக்கு இது அருள்வாக்கு மாதிரி. போனை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு, மைக் அருகே வைத்தார். "இதோ, களத்திலிருந்து நேரலை!"

ஒலிபெருக்கியில் கிருபாகரன் மூச்சு வாங்கினார். "கனி... சார் வந்துட்டாரா?"

"வந்துட்டாருங்க. நீங்க எங்க கீறீங்க?"

"வேப்பம்பட்டு. வேர்வையே நின்னு போச்சு கனி. குளுருது. வெயில் சும்மா மனசுலதான்னு சார் சொன்னாரே, கரெக்ட்டு."

கூட்டம் ஆர்ப்பரித்தது. யாரோ விசிலடித்தார்கள். அந்தப் பந்தலில் ஸ்ரீநாத் ஒருவருக்குத்தான் தெரியும்: இந்த வெயிலில் வேர்வை நின்று குளிரெடுத்தால் அது சாதனை இல்லை, ஆளையே கொண்டுபோகிற அறிகுறி. பொன்னாடைக்குள் அவருக்கும் குளிர்ந்தது. மைக்கை நெருங்கினார்.

"கிருபா, ஸ்ரீநாத் பேசறேன். இறங்குங்க. உடனே நிழல்ல உக்காருங்க."

"டெஸ்ட் வெக்கறீங்களா சார்?" குரல் குழறியது. "நீங்க நிக்காம போனீங்க இல்ல? நானும் நிக்க மாட்டேன். தோ, வந்துகினே கீறேன்."

"சொல்றதக் கேளுங்க!"

"நெழலு போதை சார்."

சக்கரம் சுற்றும் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. ஸ்ரீநாத் ஃப்ளெக்ஸைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். போனை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு ஒதுங்கலாம் என்று கை நீட்டினார். தட்சிணாமூர்த்தி கெட்டியாகப் பிடித்திருந்தார்.

"நான் நிக்காம வரல கிருபா. ட்ரெயின்ல வந்தேன்."

வார்த்தை மூன்று பிளாக்குகளிலும் முட்டித் திரும்பி வந்தது. ஆரத்தித் தட்டோடு நின்ற பெண் தட்டைக் கீழே வைத்தாள். விசிறிகள் மட்டும் ஓடின.

"இன்னா சார் சொல்றீங்க?"

"புட்லூர்ல ஏறினேன். வாந்தி எடுத்தேன். முடியல. சத்தியமா."

சக்கரச் சத்தம் நின்றது. சைக்கிள் கீழே விழுந்தது. பிறகு ஆளும் உட்கார்ந்தது கேட்டது.

"அட போ சார்... நான் இங்க செத்துகினு கீறேன்."

கனிமொழி போனைப் பிடுங்கினாள். பக்கத்தில் இருக்கிற கடைக்காரரிடம் கொடுக்கச் சொல்லி, தலையில் தண்ணீர் ஊற்றச் சொல்லி, ஆம்புலன்சைக் கூப்பிடச் சொல்லி ஓடினாள். தட்சிணாமூர்த்தி கொண்டுவந்த காரில் ஏறினாள். ஸ்ரீநாத் பின்கதவைத் திறந்தார்.

"நீங்க வேணாம்ணா" என்றாள் கனிமொழி. "உங்களுக்குத்தான் ரயிலு கீதே."

கார் போனதும் பந்தல் காலியானது. திட்டக்கூட யாரும் நிற்கவில்லை; திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பார். பந்தல்காரர் வந்து, "சார், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா, ஃபேனக் கழட்டணும்" என்றார்.

பொழுது சாயும்போது ஆஸ்பத்திரிக்குப் போனார். உயிருக்கு ஆபத்தில்லை, ஒரு நாள் இருக்கட்டும் என்று நர்ஸ் சொன்னார். கிருபாகரன் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கனிமொழி எழுந்து வெளியே போனாள், அவரைப் பார்க்காமலே. ஸ்ரீநாத் கட்டில் ஓரத்தில் நின்றார். வழியெல்லாம் தயாரித்து வந்த மன்னிப்பு நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் வகுப்பு மாதிரி இருந்தது. வாயைத் திறந்தார்.

"சார்" என்று கிருபாகரன் முந்திக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ட்ரெயின்ல ஃபேன் ஓடிச்சா?"

"ஓடிச்சு."

கிருபாகரன் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.