காண்டோனில் நிற்காத வண்டி

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்துக் காப்பாற்றும்படி அதில் பெருமை ஒன்றும் இல்லை.

சென்னையிலிருந்து ஒரு பத்திரிகை, கோடைச் சுற்றுலா மலருக்குக் கட்டுரை கேட்டது. பிலிப்பைன்ஸில் இருபது வருஷமாக இருக்கிறீர்களே, குடும்பத்தோடு காரில் போய்வருகிற மாதிரி ஏதாவது பழைய கடற்கரைச் சீமை பற்றி எழுதுங்கள், படிக்கிறவர்களுக்கு மனசு லேசாக வேண்டும் என்றார்கள். வயிறு லேசாவதற்கு மாத்திரை உண்டு. மனசு லேசாவதற்கு என்னிடம் வருகிறார்கள்.

அதே வாரம் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது ரோடெல், தன் குடும்பம் இலோக்கோஸ் கடற்கரைக்குப் போய்வந்த கதையைச் சொன்னான். வேடிக்கைக் கதையாகத்தான் சொன்னான். மேசையே சிரித்தது. நான் மட்டும் சோற்றைப் பிசைந்தபடி அதைத் திருடிக்கொண்டிருந்தேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "தென்சீனக் கடலின் நீல விளிம்பில், ஸ்பானியர் காலத்துக் கற்கள் பதித்த வீதியில், குதிரைகளின் குளம்பொலி காதுக்கு இனிமையாக—"

(நிறுத்திவிட்டேன். குளம்பொலி என்று எழுதுகிறவன் மூக்குக்குக் குதிரைச் சாணி எட்டியதில்லை.)

இரண்டாவது தொடக்கம்: "உர்சுலா வேனின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள்." இது இருக்கட்டும். கடைசிவரைக்கும் அவள் அங்கேதான் உட்கார்ந்திருக்கப்போகிறாள்.

2

உர்சுலா, ரோடெலின் அம்மா. எழுபதைத் தொடுகிற வயது. மணிலாவை ஒட்டிய மரிகினாவில் ஆற்றோரத்து வீடு. மழைக்காலத்தில் ஆறு, கூப்பிடாத சம்பந்தி மாதிரி உள்ளே வந்து உட்காரும். செருப்புக் கம்பெனியில் தோல் தைத்து ரோடெலையும் அவன் தங்கை ஜினாலினையும் ஆளாக்கினாள். கணவன் பெயர் கசிமிரோ.

(முதலில் 'முன்னாள் கணவன்' என்று எழுதியிருந்தேன். இந்த நாட்டில் விவாகரத்து கிடையாது. ஓடிப்போனவனும் சாகும்வரை புருஷன்தான். 'முன்னாள்' போயிற்று.)

முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு மதியம் கசிமிரோ பாதிச் சாப்பாட்டில் எழுந்தான். இலோக்கோஸில் அண்ணனுக்கு உடம்பு முடியவில்லையாம், பார்த்துவிட்டு வருகிறேன் என்றான். சாப்பாட்டின் நடுவே ஒருவர் கிளம்பினால் மற்றவர்கள் தங்கள் தட்டை ஒரு சுற்றுச் சுற்றி வைப்பது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். அப்போதுதான் போகிறவர் ஆபத்தில்லாமல் போய்ச் சேருவார். உர்சுலா சுற்றினாள். கை எட்டாத ஜினாலினின் தட்டையும் அவளே சுற்றினாள்.

தட்டு ஏமாற்றவில்லை. கசிமிரோ ஒரு கீறல் இல்லாமல் போய்ச் சேர்ந்தான், சான் எஸ்தெபான் கடற்கரையில் பெனிக்னா என்கிறவளின் வீட்டுக்கு. அண்ணன் குத்துக்கல் மாதிரி நன்றாகத்தான் இருந்தார்.

அதன்பிறகு ஆளும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. உர்சுலாவுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அவன் ஒரு தடவை அந்த வீட்டுக்குள் வந்து, எழுந்துபோன அதே நாற்காலியில் உட்கார்ந்து, அவள் பேசுவதை முழுக்கக் கேட்க வேண்டும். மன்னிப்பெல்லாம் அவள் கேட்கவில்லை. முப்பது வருஷமாகச் சேர்ந்துபோன பேச்சு, கேட்க ஆள் இல்லாமல் அவள் தொண்டையிலேயே கிடந்தது.

3

ரோடெலுக்குப் பொய் சொல்ல வராது. திட்டம் போட வரும். இரண்டும் ஒன்றுதான், இரண்டாவதுக்குப் படிப்பு வேண்டும்.

கசிமிரோ செத்துப்போன செய்தி அவன் செல்போனுக்குத்தான் வந்தது. ஜினாலின் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாள். அம்மாவிடம் சொன்னால் வண்டியில் ஏறமாட்டாள், சொல்லாமல் விட்டால் நம்மைச் சும்மா விடமாட்டாள் என்று அண்ணனும் தங்கையும் மாடிப்படியில் உட்கார்ந்து பேசினார்கள். கடைசியில் விஷயத்தை நேராகச் சொல்லாமல் கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொல்வதென்று முடிவாயிற்று. நானூறு கிலோமீட்டர் சுற்றினார்கள்.

"விகான் பாக்கலாம்மா. எல்லாரும் பாத்தாச்சு, நாமதான் பாக்கல."

பத்திரிகைக்காரர்கள் கேட்ட பழைய கடற்கரைச் சீமை, விகான், இதோ. குதிரை வண்டியில் ஏறினார்கள். எல்லோரும் எடுக்கிற அதே ஜன்னலுக்கு முன்னால் எல்லோரும் எடுக்கிற அதே படத்தை எடுத்தார்கள். ரோடெலின் பிள்ளைகள் செல்போனைப் பார்த்தபடியே மூன்று நூற்றாண்டுகளைக் கடந்தார்கள். பப்பாளியும் முட்டையும் திணித்துப் பொரித்த எம்பனாடாவைக் காடியில் தோய்த்து உர்சுலா இரண்டு தின்றாள். எண்ணெயைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, ஸ்பானியர்களின் மாளிகைகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஓடிப்போனவங்க வீட்ட என்னமா துடைச்சு வெச்சிருக்காங்க."

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மருமகள் பிள்ளைகளுக்கு ஐஸ்க்ரீம் வாங்கப் போய்விட்டாள். புத்திசாலி. இந்தக் கதையில் இனி அவள் வாயைத் திறக்கமாட்டாள்.

திட்டத்தின் மிச்சம் இது. திரும்பும் வழியில் சான் எஸ்தெபானின் பழைய காவல் கோபுரத்தைப் பார்ப்பது. அப்படியே பக்கத்துத் தெருவுக்குள் நுழைவது. பிறகு காண்டோனில் நிறுத்தித் தேங்காய்ப்பால் இனிப்பு வாங்குவது, அங்கேயே பெட்ரோலும் போட்டுக்கொள்வது. காண்டோன் இதில் மிக முக்கியம். சாவு வீட்டிலிருந்து யாரும் நேராக வீட்டுக்குப் போகக் கூடாது. நடுவில் எங்காவது இறங்கி நின்று, கூட வந்த ஆவியை உதறிவிட்டுத்தான் போக வேண்டும். உதறாவிட்டால் அது வீடுவரை வந்து தங்கிவிடும்.

அடிக்குறிப்பு: சிரிக்க வேண்டாம். நாம் துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புகிறோம், குளிக்காமல் வாசற்படி ஏறுவதில்லை. இவர்கள் குளியலுக்குப் பதில் காபிக்கடை ஏறுகிறார்கள். ஆவி கூட்டத்தில் குழம்பிப்போய் அங்கேயே நின்றுவிடுமாம். இந்த ஊர்க் காபிக்கடைகளில் ஏன் எப்போதும் இடம் கிடைப்பதில்லை என்று எனக்கு இப்போது புரிகிறது.

4

இழவு வீட்டு வாசலில் பிளெக்ஸ் பேனர் கட்டியிருந்தது. வேன் தெருமுனையில் திரும்பியதும் உர்சுலா அதைப் பார்த்துவிட்டாள்.

பேனரில் கசிமிரோ இளைஞனாக, கோட்டுப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். கல்யாணப் படம். உர்சுலாவோடு நடந்த கல்யாணம். அவளை வெட்டியெடுத்திருந்தார்கள், ஆனால் சுத்தமாக வெட்ட வரவில்லை. அவன் தோளோரத்தில் வெள்ளை லேஸ் கை ஒன்று மிச்சமிருந்தது. தான் தைத்துப் போட்ட சட்டையின் கையை உர்சுலா அடையாளம் கண்டுகொண்டாள்.

ரோடெல் வண்டியை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அம்மா, உங்களுக்குச் சொல்லணும்னுதான், என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டான்.

"கோபுரம் எங்கடா?" என்று கேட்டுவிட்டு அவளே கதவைத் திறந்து இறங்கினாள்.

இங்கே பெனிக்னா வர வேண்டும். அவளைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. முதல் வரைவில் அவளுக்குச் சிவப்புச் சாயம் பூசிய உதடும் ஒரு தங்கப் பல்லும் கொடுத்திருந்தேன். அடுத்தவள் புருஷனைக் கொண்டுபோனவளுக்குத் தங்கப் பல் வைக்கிற அளவுக்குத்தான் என் கற்பனை ஓடியது. ரோடெலிடம் கேட்டேன். கால் வீங்கின கிழவி, கையில் விசிறி, தூக்கமில்லாத கண் என்றான். எழுத்தாளனுக்கு ஏமாற்றம்தான், ஆனாலும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

கூடத்தில், பிணத்துக்குக் காவலாகக் கண்விழிக்க இங்கே ஆடுகிற சீட்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. சவூதியிலிருந்து பெனிக்னாவின் மகன் வந்து சேரும்வரை அடக்கம் இல்லை, அதுவரை ஆட்டமும் நிற்காது. பெனிக்னா உர்சுலாவைப் பார்த்ததும் எழுந்து, அந்தப் பக்கத்தில் அக்காவைக் கூப்பிடும் சொல்லாலேயே கூப்பிட்டாள்.

"மனாங், வாங்க. காபி குடிங்க."

உர்சுலா காபியை வாங்கிப் பக்கத்திலிருந்த ஜினாலினிடம் கொடுத்தாள். பிறகு சவப்பெட்டிக்குப் போய், மூடியில் பதித்த கண்ணாடி வழியே பார்த்தாள். கன்னம் சதை போட்டிருந்தது. நல்லாத்தான் வளர்த்திருக்கா, என்றாள் பொதுவாக.

(இங்கே ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்து கண்ணாடியில்— இல்லை. பெட்டிமேல் கண்ணீர் விழக்கூடாது என்பது இன்னொரு வழக்கம். அது இல்லாவிட்டாலும் அவள் அழுதிருக்கமாட்டாள். அந்தச் சொட்டு என்னுடையது, எடுத்துவிட்டேன்.)

அவள் செய்தது வேறு. தூங்குகிறவனை எழுப்புவதுபோல, கண்ணாடியை விரல் முட்டியால் இரண்டு தடவை தட்டினாள்.

"கிளம்பு. சாப்பாடு பாதில இருக்கு."

சீட்டாடியவர்களுக்குக் கேட்கவில்லை. பெனிக்னாவுக்குக் கேட்டது. அவள் முகம் வெளுத்தது என்று ரோடெல் சொன்னான், அதைச் சொல்லும்போது அவனும் சிரிக்கவில்லை. சாவு வீட்டுக்காரர்கள் வந்தவர்களை வாசல்வரை கொண்டுவிடக் கூடாது, அதுவும் வழக்கம். ஆகவே பெனிக்னா பாதி எழுந்தவள் நாற்காலிக் கையைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். உர்சுலா திரும்பிப் பார்க்காமல், பக்கத்தில் ஒருவர் நடக்க இடம்விட்டுத் தள்ளி நடந்து, வேனுக்கு வந்தாள்.

5

காண்டோன் வந்தது. ரோடெல் வேகத்தைக் குறைத்தான்.

"நிறுத்தாத."

"இனிப்பு வாங்கணுமேம்மா."

"எனக்குச் சர்க்கரை இருக்கு. நேரா வீட்டுக்குப் போ."

அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. ஜினாலின் பின்சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்து, பிள்ளைகள் தூங்குகிற வீடும்மா அது என்றாள். உங்க அப்பன்தானே, பேயா என்ன, என்றாள் உர்சுலா. காண்டோனின் இனிப்புக் கடைகள் வரிசையாகப் பின்னால் போயின. ரோடெல் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன். அந்தக் குரலைக் கேட்டால் நீயும் நிறுத்தமாட்டாய் என்றான். நாற்பது வயசு, மேலாளர் பதவி, இவ்வளவுதான்.

வண்டிக்குள் மனித வாய்கள் பேசக்கூடிய அபத்தம் அத்தனையும் பேசப்பட்டது. பெட்ரோல் பங்கில் நின்றால் கணக்கில் சேருமா? கால் தரையில் பட வேண்டுமா, நின்றால் போதுமா? ஆவி வண்டிக்கு ஒன்றா, தலைக்கு ஒன்றா? தலைக்கு ஒன்றென்றால் நம்முடையதை நாம் உதறலாம், அம்மாவுடையது அம்மாவோடு இருக்கும் என்று ரோடெல் சட்டம் பேசினான். அப்பா ஒருத்தர்தானே இருந்தார் என்றாள் ஜினாலின். அதுவும் சரியாக இருந்ததா என்று தெரியலையே என்றான் அண்ணன்.

உர்சுலா இதில் எதையும் காதில் வாங்கவில்லை.

"உசுரோட வரதுக்கு வெக்கமா இருந்திருக்கும். இப்ப என்ன வெக்கம்? வந்து ஒக்காரட்டும். கூரை ஒழுகறதப் பாக்கட்டும். ஆறு வந்துட்டுப் போனா சேறு யார் அள்ளுறாங்கன்னு பாக்கட்டும். நான் பேசறதக் கேக்கட்டும். அந்தாள எங்கயாவது இனிப்புக் கடையில உட்டுட்டு வர்றதுக்கா நான் இவ்வளவு தூரம் வந்தேன்?"

பெட்ரோல் முள் சிவப்புக்கு வந்துகொண்டிருந்தது.

6

முடிவுகள்.

பத்திரிகைக்கான முடிவு: சூரியன் மறைகிற நேரம் கடற்கரையில் நிறுத்துகிறார்கள். உர்சுலா கல்யாண மோதிரத்தைக் கழற்றி அலைகளில்— (மோதிரத்தை அவள் எப்போதோ விற்று ஜினாலினுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கிவிட்டாள். கடலுக்குக் கொடுக்க அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.)

நல்லவர்களுக்கான முடிவு: உர்சுலா பெனிக்னாவைக் கட்டிக்கொண்டு, நாம் இருவரும் ஒரே— (வாந்தி வருகிறது.)

பேய்க்கதைப் பிரியர்களுக்கான முடிவு: பின்கண்ணாடியில் ரோடெல் பார்க்கிறான், கடைசிச் சீட்டில் ஒரு— (வேனில் கடைசிச் சீட்டு முழுக்க மூட்டை. ஆவி உட்காரவும் இடமில்லை.)

ரோடெல் அலுவலகத்தில் சொன்ன முடிவு: வழியில் லா உனியோனில் கடலோரப் பெட்ரோல் பங்கில் நிறுத்தினார்கள், எல்லோரும் இறங்கினார்கள், காபி குடித்தார்கள், கதை முடிந்தது. இந்த இடத்தில்தான் மேசை சிரித்தது.

7

எல்லோருமா, என்று பிறகு தனியாகக் கேட்டேன். அம்மாவுமா இறங்கினாங்க?

ரோடெல் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தானாம். ஜினாலின் பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போயிருந்தாள். மருமகள் காபி வரிசையில். திரும்பி வந்தபோது அம்மா முன்சீட்டில்தான் இருந்தாள், கதவு மூடியிருந்தது. காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த எழுபது வயசு உடம்பு. போகாமல் இருந்திருக்க முடியாது என்றான் ரோடெல். இறங்கியதை நீ பார்த்தாயா, அம்மாவிடம் கேட்டாயா என்றேன். கேட்கப் பயமா இருந்துச்சு என்றான்.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. இறங்கினாளா, இல்லையா? காலைத் தரையில் வைத்தாளென்றால் கசிமிரோ இன்னும் லா உனியோன் பங்கில், காபி மெஷினுக்குப் பக்கத்தில் திகைத்துப்போய் நிற்கிறான். வைக்கவில்லையென்றால் மரிகினாவுக்கு வந்துவிட்டான். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மனசு லேசாக வேண்டும் என்று கேட்டவர்கள் நீங்கள்தானே, சுமையும் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

8

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். போன ஞாயிறு மரிகினாவில் ரோடெல் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள், அதனால் இது.

பாதிச் சாப்பாட்டில் என் செல்போன் அடித்தது. கட்டுரை எங்கே என்று சென்னையிலிருந்து கேட்டார்கள். அவசரமாகக் கிளம்ப வேண்டியதாயிற்று. நான் எழுந்ததும் மேசையைச் சுற்றி எல்லோரும் எனக்காகத் தட்டைச் சுற்றி வைத்தார்கள். உர்சுலாவும் தன் தட்டைச் சுற்றினாள்.

அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் யாரும் இல்லை. அதன் முன்னால் ஒரு தட்டு இருந்தது. அதில் பானையின் அடியில் கருகிப்போன சோறும் ஒரு மீன் வாலும் வைத்திருந்தது. ரோடெலின் மகள், கையோடு கையாக அந்தத் தட்டையும் சுற்றப் போனாள். உர்சுலா தட்டின் விளிம்பை அழுத்திப் பிடித்தாள்.

"அத விடு," என்றாள். "அந்தாளு எங்கயும் கிளம்பல."