ஒரு தரைக்கல்லின் அகலம்

மகள் பட்டம் வாங்கியதற்கான விருந்துக்கு வந்த அம்மா, வந்த கொஞ்ச நேரத்திலேயே சமையலறைக்குள் போய் வாழைக்காய் உரிக்க ஆரம்பித்துவிட்டாள். யாரும் அவளை உரிக்கச் சொல்லவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த இரண்டாவதுதான் யனீராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வெளிய வந்து உக்காரும்மா. இது உனக்கும் விருந்துதான்.”

“உக்காந்துதானே இருக்கேன்,” என்றாள் ஒனேலியா, நின்றுகொண்டே. “நீ போ, பட்டதாரியம்மா. புதுத் துணியில எண்ணெ தெறிக்கப் போவுது.”

வீடு எமெரிதா அம்மாளுடையது. யனீராவின் ஞானத்தாய். படித்த காலமெல்லாம் யனீரா இந்த வீட்டின் பின்னறையில்தான் கிடந்தாள். சோறு, புத்தகம், காலுக்குச் செருப்பு, எல்லாம் இங்கேதான். பதிலுக்கு எமெரிதா அம்மாள் கேட்டது ஒன்றே ஒன்று: அம்மா எங்கே வேலை செய்கிறாள் என்று யாரிடமும் மூச்சு விடக் கூடாது. ஒனேலியா பாலத்தடி மதுக்கடையில் சமைக்கிறவள். அங்கே மூலையில் காசு போட்டால் பாடும் பெட்டி ஒன்று உண்டு. அது பாடுவதெல்லாம் பச்சாத்தா. லா வேகா ஊரின் மரியாதையான வீடுகளில் அதற்குக் கசப்புப் பாட்டு என்று பெயர். மரியாதை இல்லாமல் சொன்னால் வேறு பெயர்களும் உண்டு. குடிகாரன் பாட்டு, விபச்சாரி பாட்டு என்று. ஊரில் நல்ல வானொலி எதுவும் அதைத் தொடாது. அதன் இசைத்தட்டுகளை நடைபாதையில் பலகை போட்டு, சீப்பு கண்ணாடியோடு சேர்த்து விற்பார்கள்.

சாப்பாடு முடிந்தது. ஆட்டிறைச்சிக் குழம்பின் வாசனை திரைச்சீலைகளில் ஏறியிருந்தது. பள்ளி முதல்வர் எவரிஸ்தோ சன்னல் பக்கம், பளபளக்கும் கறுப்புச் சப்பாத்தை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் பள்ளியில் கணக்கு வாத்தியார் இடம் காலி. இன்று மாலைக்குள் எமெரிதா அம்மாள் அவரிடம் பேசி முடிப்பதாக ஏற்பாடு. அந்த வேலை கிடைத்தால் அம்மா பாலத்தடி அடுப்பை விட்டு இறங்கலாம். யனீராவின் மனசில் வேறு கணக்கே இல்லை.

கூடத்தில் மெரெங்கே இசைத்தட்டு ஓடிக்கொண்டிருந்தது. எமெரிதா அம்மாளும் அவள் கணவர் ஃபாபியோவும் ஆடினார்கள். சும்மா சொல்லக் கூடாது, கண்ணை எடுக்க முடியாது. சாக்சபோன்கள் ஒன்றை ஒன்று துரத்தின. தம்போரா மேளத்தின் ஒரு முகத்தைக் கோலும் மறு முகத்தை வெறுங்கையும் அடிக்க, தகரச் சுரண்டி இடைவிடாமல் சுரண்ட, அந்த அறுபது வயது உடம்பு இரண்டும் இடது வலது என்று நடக்கிற நடையிலேயே கூடம் முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டன. சுற்றும்போதே எமெரிதா அம்மாள் ஒருத்தியின் உடம்பை விசாரித்தாள், இன்னொருத்தியின் மருமகளைக் கிண்டலடித்தாள். ஃபாபியோ அவள் தோளுக்கு மேலாக அரசியல் பேசினார். இடுப்பு மட்டும் யாரையும் கேட்காமல் தன் வேலையைப் பார்த்தது. மெரெங்கே அப்படித்தான். ஊரைப் பார்த்த முகத்தோடு ஆடுவது. அதிபரும் ஆடுவார், ஆயரின் தம்பியும் ஆடுவார். யனீராவுக்கு அதன்மேல் ஒரு கோபமும் இல்லை. ரத்தத்தில் ஓடுவதை எப்படி வெறுப்பது?

ஆனால் பச்சாத்தா அவள் உடம்பில் வேறோர் இடத்தில் இருந்தது. சின்ன வயசில், மத்தியானம் கடை ஈ ஓட்டும்போது, அம்மா அரிசி மூட்டைக்கும் அடுப்புக்கும் நடுவில் அவளைப் பிடித்துக்கொண்டு ஆடுவாள். இடமே கிடையாது, இருந்த இடம் போதும். மூன்று அடி ஒரு பக்கம்; நாலாவதற்குக் கால் தரையில் ஊன்றாமல் இடுப்பு மட்டும் ஒரு வெட்டு வெட்டி ஏறும். பிறகு மூன்று அடி இந்தப் பக்கம். கிதார் அழும். விட்டுப்போனவளைப் பற்றி, வராத கடிதத்தைப் பற்றி ஒருவன் தொண்டை கிழியப் புலம்புவான். கால் அழாது. பாட்டு அழ அழக் கால் ருசித்து ஆடும். இந்த விசித்திரத்தைக் கல்லூரித் தோழிகளுக்கு அவளால் ஒருநாளும் விளக்க முடிந்ததில்லை. பாலத்தடியில் ஒருத்தியை உச்சியில் வைத்துப் புகழ வேண்டுமென்றால், ‘ஒரு தரைக்கல்லுக்குள்ளயே ஆடுறா’ என்பார்கள். அம்மாவை அப்படித்தான் சொல்வார்கள்.

இசைத்தட்டு முடிந்தது. எமெரிதா அம்மாள் விசிறிக்கொண்டே கைதட்டினாள். “வா மகளே. உன் நாள் இது. அடுத்த தட்டு நீதான் போடணும், ஆளையும் நீதான் கூப்பிடணும். ஃபாபியோ தயாரா நிக்கறாரு பாரு, சட்டையெல்லாம் இழுத்து விட்டுக்கிட்டு.”

வழக்கமாக அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். யனீராவின் அப்பா நியூயார்க் போனவர், போனவர்தான்.

யனீரா கைப்பையைத் திறந்தாள். நடைபாதையில் வாங்கிய சின்னத் தட்டு, உறைகூட இல்லை. சமையலறை வாசலிலிருந்து அம்மா அதைப் பார்த்துவிட்டாள். மாலைக்கு வறுக்க உரித்த வாழைக்காயோடு வேகமாக வந்து மகளின் முழங்கையைப் பிடித்தாள்.

“வேணாம்டி. மொதல்ல வேலை கெடைக்கட்டும். அப்புறம் திமிரெடுத்து ஆடு.”

“அப்புறமும் நீ சமையக்கட்டுலதான் நிப்ப. அடுப்பு மட்டும் மாறும்.”

“நின்னா என்ன கொறஞ்சா போச்சு?”

“எனக்குக் கொறஞ்சு போச்சு.”

அவள் அம்மாவின் எண்ணெய்க் கையை விடவில்லை. அப்படியே இழுத்துக்கொண்டு போய் எவரிஸ்தோவின் முன்னால் நிறுத்தினாள். “ஐயா, இவங்கதான் எங்கம்மா. பாலத்தடி கடையில சமைக்கறாங்க.”

கூடத்தில் விசிறிகள் நின்றன. எவரிஸ்தோ தன் கோப்பையிலிருந்த பனிக்கட்டியைப் பார்த்தபடி, “சந்தோஷம்,” என்றார்.

யனீரா முள்ளை இறக்கினாள். முதலில் கரகரப்பு. பிறகு அந்த ஒற்றைக் கிதார், கூரை ஒழுகுவதுபோலச் சொட்டுச் சொட்டாக.

“இந்த வீட்டுலயா?” என்றாள் எமெரிதா அம்மாள், மிகவும் தணிந்த குரலில்.

அம்மா கையை உருவப் பார்த்தாள். பொங்கோ மேளம் சேர்ந்ததும் அந்த இழுப்பு நின்றது. அவள் வாழைக்காயைப் பக்கத்து மேசைமேல் வைத்தாள், சமையல் மேலங்கியில் கையைத் துடைத்தாள், செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள். எமெரிதா அம்மாளின் தரை பூப்போட்ட தரை. ஒவ்வொரு கல்லிலும் நடுவில் நீலப் பூ, சுற்றிலும் காவிக் கரை. ஒனேலியா ஒரு பூவின்மேல் ஏறி நின்றாள். மகளின் கன்னத்தைத் தன் கன்னத்தோடு சேர்த்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான், கூடம் அவளுக்கு இல்லாமல் போய்விட்டது.

முகங்களெல்லாம் துக்க வீட்டு முகங்கள்.

“அம்மா, வேலை போச்சுன்னு நெனைக்கிறேன்.”

“பேசாத, அடி தப்பும். சிரிச்சுப் பேசி சண்ட போட்டு ஆடறதுக்கு இது என்ன மெரெங்கேயா?” அரைச் சுற்றுத் திரும்பிய பிறகு அம்மாவே காதுக்குள் பேசினாள். “உங்க மொதல்வரு வெள்ளிக்கெழம தவறாம எங்க கடைக்கு வருவாரு. வறுத்த மீனு. எலுமிச்ச கூட ரெண்டு கேப்பாரு.”

யனீராவுக்கு அடி தப்பியது. “ஏம்மா இத்தன நாள் சொல்லல?”

“சாப்புட வர்றவங்க பேர வெளிய சொன்னா, அப்புறம் எவன் சாப்புட வருவான்?”

அம்மாவின் தோளுக்கு மேலாக யனீரா பார்த்தாள். எவரிஸ்தோவின் முகம் சன்னலைப் பார்த்து இறுகியிருந்தது. நாற்காலிக்குக் கீழே அந்தப் பளபளக்கும் சப்பாத்து மூன்று முறை தரையைத் தொட்டது. நாலாவதற்குக் குதிகால் லேசாக ஏறியது. ஒரு நூல் பிசகவில்லை. பக்கத்தில் மருந்துக்கடைக்காரரின் பழுப்புச் சப்பாத்து. அதுவும் ஏறியது. சுவரோரம் வரிசையாக, முகங்கள் ஒன்றும் தெரியாதவைபோல் இருக்க, கால்கள் எல்லாம் தெரிந்தவைபோல் ஆடிக்கொண்டிருந்தன. எங்கே கற்றன இவை? எந்த வானொலியில்?

எமெரிதா அம்மாள் இசைத்தட்டுப் பெட்டியை நோக்கி நடந்தாள். முள்ளின்மேல் கை வைத்தாள். தூக்குவதற்கு முன்னால், கணவரிடம் ஒரு வார்த்தை கேட்கிறவள்போல ஃபாபியோவின் பக்கம் திரும்பினாள். அவள் பார்வை அவர் முகத்தில் தொடங்கி, இழுத்துவிட்ட சட்டை வழியாக இறங்கி, காலில் போய் நின்றது.

மூன்று. பிறகு அந்த வெட்டு.

ஃபாபியோ நிமிர்ந்து பார்த்தபோது அவருடைய கால் பாதி ஏற்றத்தில் இருந்தது. இறக்கவும் முடியவில்லை.

எமெரிதா அம்மாளின் விரல் முள்ளின்மேலேயே இருந்தது. பாட்டில் இன்னும் ஒரு சரணம் பாக்கி. கூடத்தின் நடுவில் ஒனேலியாவின் வெறுங்கால்கள், எண்ணெய்ப் பிசுக்கோடு, காவிக் கரையை ஒரு முறைகூட மிதிக்காமல் அந்த நீலப் பூவுக்குள்ளேயே போய் வந்துகொண்டிருந்தன.