நாய்க்கு ஆகாத எச்சில்

பேரணாம்பட்டு ரோட்டில் இருக்கும் அந்தக் கம்பெனிக்கு வாசலில் பெரிதாக ஒரு இங்கிலீஷ் பெயர்ப்பலகை உண்டு. உள்ளே வேலை செய்கிறவர்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. எலும்புக் கம்பெனி, அவ்வளவுதான். இத்தனைக்கும் அங்கே ஒரு எலும்புகூடக் கிடையாது. ஷூவுக்கு மேல்தோலை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுகிற அடித்தோலை வெளுத்து, அலசி, பட்டை பட்டையாக வெட்டி, ஈரமாக இருக்கும்போதே சுருட்டி இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டால் எலும்பு மாதிரி ஒரு உருவம் வந்துவிடும். உலர்த்தி, பெட்டியில் அடுக்கி, கப்பல் ஏற்றிவிட்டால் வெளிநாட்டு நாய்களின் வாயில் போய் விழும். நாள் முழுக்கக் கடித்துக்கொண்டே கிடக்குமாம். அந்த ஊர் நாய்களுக்குப் பொழுது போகாதாம், பாவம்.

தனகோடி அங்கே முடிச்சுப் போடுகிறவள். குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டுகிற குடும்பம். எலும்புக் கம்பெனி என்றால் சொந்தக்காரர்கள் மூக்கைப் பிடிப்பார்கள் என்று பொம்மைக் கம்பெனி என்று சொல்லி வைத்திருந்தாள். நாய்க்கு அது பொம்மைதானே, பொய் ஒன்றும் இல்லை.

அவளிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம். தறியில் ஊடை நூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற நாடாவில் சின்னதாக ஒரு துளை இருக்கும். புது நூல் போடும்போதெல்லாம் அந்தத் துளை வழியாக நூல் முனையை வெளியே கொண்டுவர வேண்டும். விரல் நுழையாது. துளையில் வாயை வைத்து ஒரு உறிஞ்சு, நூல் உதட்டுக்கு வந்துவிடும். சின்ன வயதிலிருந்து அப்படி உறிஞ்சி உறிஞ்சி, தறிக்காரி தனகோடிக்கு வாய் மூன்றாவது கையாகிவிட்டது. எலும்புக்கு முடிச்சுப் போடும்போதும் தோல் வழுக்கினால் முனையைப் பல்லால் கவ்வி ஒரு இழு இழுப்பாள். முடிச்சு கல்லு மாதிரி நிற்கும்.

சேர்ந்த புதிதில் குவாலிட்டி பார்க்கிற சௌம்யா மேடம் அதைக் கண்டு அலறிவிட்டாள். "அக்கா, இது சாப்பாட்டுப் பொருள்! வாய் வெக்கக் கூடாது!" தனகோடிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாய் எச்சில் பண்ணுவதற்கென்றே செய்கிற பண்டத்துக்கு எச்சில் ஆகாதாம். ஆனாலும் விட்டுவிட்டாள். கிளவுஸ் போட்டுக்கொண்டு, வலைத்தொப்பி மாட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு கட்டினாள். வருஷக்கணக்கில் பல் பட்டதே இல்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் சொல்லப் போவதில்லை.

அவளுக்கு ஜோடி வஜீதா. இவள் முடிச்சுப் போட, அவள் சுருட்டிக் கொடுப்பாள். மதியம் ஒருத்தி டப்பாவில் இன்னொருத்தி கை. மேசைகளுக்குப் பின்னால் இருந்த தண்ணீர்க் குடத்தில் ஒரே டம்ளர்தான் இருவருக்கும். மற்றவர்கள் அண்ணாந்து குடிப்பார்கள். இவர்கள் இரண்டு பேரும் வாய் வைத்தே குடிப்பார்கள். "உன் எச்சி என் எச்சி இன்னா தனியா கீது?" என்பாள் வஜீதா.

அந்த மழைக்காலத்தில் ஒரு வாரம் மேசைகள் பாதி காலியாகக் கிடந்தன. பெண்களுக்கு வயிற்றுப்போக்கு. வந்தவர்களும் நின்ற இடத்தில் நிற்க முடியாமல் கக்கூஸுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். எந்தக் கல்யாணத்தில் வளைத்துக் கட்டினீர்கள் என்று சூப்பர்வைசர் கேலி பண்ணினான். முதலாளி பரந்தாமன் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கிக் கொடுத்தார். தனகோடிக்கும் வஜீதாவுக்கும் ஒன்றும் வரவில்லை. அந்த வாரம் கட்டிய எலும்பும் மற்றதோடு சேர்ந்து கப்பல் ஏறியது.

பிறகு ஒரு நாள் செய்தி வந்தது. சரக்கு மொத்தத்தையும் அந்த நாட்டுத் துறைமுகத்தில் நிறுத்திவிட்டார்கள். எலும்பில் கிருமி.

சௌம்யா எல்லாரையும் நிற்கவைத்து விளக்கினாள். அந்த நாட்டுக்கும் நமக்கும் வட்டார வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறது. நம் எலும்புக்கு அங்கே சுங்க வரி இல்லை. ஆனால் மனுஷருக்கோ மிருகத்துக்கோ பயிருக்கோ நோய் வரும் என்று தெரிந்தால் சரக்கை நிறுத்தலாம், காரணம் கேட்கலாம், தொழிற்சாலையையே பார்க்க வேண்டும் என்று சொல்லலாம், எல்லாம் அதே ஒப்பந்தத்தில் இருக்கிறது. எலும்பை நாய் கடிக்கும், நாயைக் குழந்தை கொஞ்சும், கிருமி குழந்தைக்குப் போகும். கிருமியின் பெயர் சால்மொனெல்லா.

குறை சொல்ல முடியாத சட்டம்தான். எந்தக் குழந்தையாக இருந்தாலும் குழந்தைதானே. ஆனால் பெண்கள் வாயில் அந்தப் பெயர் நுழையவில்லை. சாலம்மா என்று வைத்துவிட்டார்கள். "சாலம்மா கப்பல்ல ஃபாரின் போய்ட்டாடி" என்று ஒருத்தி சொல்ல, மேசை மேசையாகச் சிரிப்பு ஓடியது. தனகோடியும் சிரித்தாள்.

கிருமி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும், சொல்லும்வரை ஒரு பெட்டி நகராது. அந்த நாட்டுக் கால்நடை டாக்டர் நேரில் வரவில்லை. வீடியோவிலேயே பார்க்கிறேன் என்றார். சௌம்யா போனைத் தூக்கிக்கொண்டு கூடம் கூடமாக நடந்தாள். பரந்தாமன் கூடவே வந்தார், புதுச் சட்டையும் பழைய பயமுமாக. வெட்டும் இடம் காட்டியாகிவிட்டது. உலர்த்தும் அறை காட்டியாகிவிட்டது. முடிச்சு மேசைக்கு வந்தார்கள். "நல்லா கட்றவங்கள காட்டும்மா" என்றார் முதலாளி. சௌம்யா நேரே தனகோடி முன்னால் வந்து நின்றாள்.

தனகோடி சுருட்டின தோலை எடுத்தாள். கையில் புது கிளவுஸ், ஆடிட்டுக்கென்று காலையில்தான் கொடுத்தது, சோப்பு மாதிரி வழுக்கியது. முதல் முடிச்சு நழுவியது. இரண்டாவதும் நழுவியது. நாடே பார்க்கிறது. முதலாளி பார்க்கிறார். மானம் போகிறதே என்று மனசு பதறின நொடியில் அந்த மூன்றாவது கை தானாக வந்துவிட்டது. மாஸ்க்கைக் கீழே இழுத்து, முனையைப் பல்லால் கவ்வி, ஒரே இழு. முடிச்சு கல்லு மாதிரி நின்றது. தலையை நிமிர்த்திப் பார்த்தபோது போனுக்குள் அந்த டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

யாரும் அவளைத் திட்டவில்லை. அதுதான் அவளுக்கு முதலில் புரியாமல் போனது. பரந்தாமன் முகத்தில் கோபமே இல்லை, தேடின சாவி சட்டைப் பையிலேயே கிடைத்தவர் மாதிரி இருந்தார். சாயங்காலம் சௌம்யா வந்து, "கொஞ்ச நாள் வேலைக்கு வராதீங்கக்கா. வேலூர்ல மோஷன் டெஸ்ட் எடுக்கணும். உங்க உடம்புல கிருமி இல்லன்னு வந்துட்டா ஒரு பிரச்னையும் இல்ல" என்றாள்.

"எனக்கு அந்த வாரம்கூட வயித்தால போகலியே மேடம்?"

"சில பேருக்கு ஒண்ணும் பண்ணாது. ஆனா உள்ளயே வெச்சிருப்பாங்க. அடுத்தவங்களுக்குக் குடுப்பாங்க."

இதைப் பின்னால் நின்ற பெண்கள் கேட்டுவிட்டார்கள். வேன் வருவதற்குள் மேசை முழுக்கப் பரவிவிட்டது. நம்ம வயிறு போனதெல்லாம் இவளால்தான். வேனில் தனகோடி பக்கத்து சீட் காலியாகவே இருந்தது. வஜீதா முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது அவளுக்கு, குற்றம் சொல்ல முடியாதுதான். ஆனாலும் இறங்கும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம். "சாலம்மா, பாத்து எறங்கு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. இந்தத் தடவை தனகோடி சிரிக்கவில்லை.

வீட்டில் புருஷன் பச்சையப்பன் முழுக் கதையையும் கேட்டுவிட்டுத் தறியை நிறுத்தினான். "நாய் வாய் வெச்சத நாம தூக்கிப் போடுவோம். இப்போ நீ வாய் வெச்சத நாய் தூக்கிப் போடுதா? ஜாஸ்தி ஆடிட்டானுங்கடி" என்று சிரித்தான். அவளைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னான். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

வேலை போவதைவிட அந்தப் பெயர்தான் அவளை அரித்தது. நான் வஜீதாவுக்குக் கிருமி கொடுத்தவளா? வாய் வைத்துக் குடித்த டம்ளரில், பங்கு போட்ட சோற்றில், அத்தனை நாளும் விஷத்தையா வைத்தேன்? இல்லை என்று யாராவது காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று இருந்தது. லேப்பில் கொடுத்த டப்பாவைத் துணிப்பைக்குள் துணி சுற்றி, குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாள். பையில் இன்னா என்று பக்கத்தில் இருந்த அம்மாள் கேட்டதற்கு, பலகாரம் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு தடவை போதாது என்றார்கள். மறுபடியும் போனாள். அதற்கப்புறமும் ஒரு தடவை.

முடிவு வந்தது. கிருமி இல்லை. துளிகூட இல்லை.

அவள் அன்றைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தாள். தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, காகிதத்தை மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டே கம்பெனிக்குப் போனாள். வாசலில் லாரி நின்றது. பெட்டி பெட்டியாக எலும்பு ஏறிக்கொண்டிருந்தது.

"தடை எடுத்தாச்சா மேடம்?"

சௌம்யா அவள் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினாள். காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தாள். பிறகு முதலாளி அறைக்குக் கூட்டிப்போனாள்.

பரந்தாமன் எழுந்து நாற்காலி போட்டார். "உக்காரும்மா. நல்ல சேதிதான். எனக்குத் தெரியும், நீ சுத்தம்னு."

"அப்போ நாளைலேர்ந்து வர்றேங்க."

"அது முடியாதும்மா. கிருமி உன்கிட்டேர்ந்து வந்திச்சி, ஆளை எடுத்துட்டோம்னு எழுதி அனுப்பிட்டோம். அந்த நாட்டுக்காரன் ஒத்துக்கிட்டான். அதனாலதான் லாரி நிக்குது."

"டெஸ்ட் வர்றதுக்கு முன்னாடியேவா?"

"அவன் குடுத்த கெடு முடிஞ்சிபோச்சேம்மா."

தனகோடி காகிதத்தை மேசைமேல் அவர் பக்கம் தள்ளினாள். "இப்போதான் வந்துடுச்சே. இவ இல்லன்னு எழுதுங்க."

"இவ இல்லன்னா வேற எதுன்னு கேப்பான்." பரந்தாமன் குரலைத் தாழ்த்தினார். அவர் கெட்ட மனுஷர் இல்லை, விஷயத்தைப் புரியவைத்துவிட்டால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள் என்று நம்புகிற ரகம். "மழையில நம்ம சம்ப்புத் தொட்டியில சாக்கடை கலந்துடுச்சி. சௌம்யா தண்ணி எடுத்து டெஸ்ட் பண்ணா, அதுல இருந்துச்சி. தண்ணின்னு எழுதினா எந்த ஊர்த் தண்ணின்னு கேப்பான். ஒரு பகுதியில நோய் இருந்தா அந்தப் பகுதி சரக்கு மொத்தத்தையும் நிறுத்தலாம்னு ஒப்பந்தத்துல இருக்கு. நான் மட்டும் இல்ல, இந்தப் பக்கத்து எலும்புக் கம்பெனி எல்லாம் படுத்துடும். எத்தினி பொம்பளைங்க வேலை, யோசிச்சிப் பாரு. ஆளுன்னு எழுதினா ஆளோட போச்சு."

"நான் சுத்தம்தானேய்யா?"

"சுத்தம்தாம்மா. அதான் பேஜாரு."

சௌம்யா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். படித்த பெண், அழுதால் நன்றாக இருக்காது என்று நினைத்திருப்பாள். அவள் அழுதால் யாருக்கு என்ன லாபம்?

தனகோடி வெளியே வந்தாள். கால் பழக்கத்தில் முடிச்சு மேசைக்கே போயிற்று. அவளைப் பார்த்ததும் கைகள் எல்லாம் நின்றன. காகிதத்தைத் தூக்கிக் காட்டினாள். "எனக்குக் கிருமி இல்ல. வேலூர்ல எழுதிக் குடுத்துட்டாங்க. தண்ணிலதான் இருந்துச்சாம். அதுதான் உங்க எல்லாருக்கும் வயித்தால போச்சி." காகிதத்தை வஜீதா பக்கம் திருப்பினாள். "நான் யாருக்கும் ஒண்ணும் குடுக்கல."

சாலம்மா என்று கூப்பிட்டவள் குனிந்து மறுபடியும் தோலைச் சுருட்ட ஆரம்பித்தாள். மேசைக்கு அந்தப் பக்கம், தோல் அலசுகிற தொட்டிக்குமேல் புதிதாக ஒரு தண்ணீர் சுத்தப்படுத்துகிற மெஷின் உட்கார்ந்திருந்தது. பளபளவென்று ஸ்டீல், ஊதா விளக்கு. அதன் வழியாகக் கண்ணாடி மாதிரி தண்ணீர் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது.

வஜீதா கிளவுஸைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தாள். கண்ணெல்லாம் நீர். "வெயில்ல வந்துகீறியேக்கா, தண்ணி குடி" என்று குடத்தில் மொண்டாள். அதே டம்ளர். தான் முதலில் வாய் வைத்து ஒரு மடக்குக் குடித்தாள், எல்லாரும் பார்க்கிற மாதிரி. பிறகு நீட்டினாள்.

இதற்காகத்தானே அத்தனை தடவை அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். தனகோடி டம்ளரை வாங்கினாள். வாங்கினபிறகுதான் தோன்றியது.

"வஜீதா, இது அந்த மெஷின் தண்ணியா?"

"இல்லக்கா. அது எலும்புக்கு. நமக்கு சம்ப்புதான்."

"அதுல கிருமி கீதுன்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும்க்கா" என்றாள் வஜீதா. "மெஷின் வெச்ச அன்னிக்கே தெரியும். வேற எங்க போய்க் குடிக்க?"

டம்ளர் கையில் இருந்தது. குடிக்காமல் திருப்பிக் கொடுத்தால், வஜீதாவின் வாய் பட்டதை அவள் ஒதுக்கினாள் என்று ஆகும். அந்த வலி எப்படி இருக்கும் என்று இந்தக் கூடத்திலேயே அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

தனகோடி உதட்டை வைத்து, சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள்.