அண்ணன் போட்ட ஓட்டு

காவாந்தண்டலத்து சுலோச்சனாவின் அண்ணன் ராஜாராம் அமெரிக்கா போய் முப்பது வருஷமாகிறது. ஒஹாயோவில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. அந்த நாட்டுக் குடிமகனாகி முதல் ஓட்டைப் போட்ட அன்று ஃபோனில் பூரித்துப்போனார்.

“டெமாக்ரட்டுக்குப் போட்டேன் சுலோ. இங்க யூனியன்காரங்க எல்லாம் அதான். ரிபப்ளிகன் மொதலாளிங்க கட்சி.”

பிறகு கம்பெனி வேறு நாட்டுக்குப் போய்விட்டது. வேலை இழந்தவர்கள் கிடங்குகளிலும் கடைகளிலும் ஒண்டிக்கொண்டார்கள். தங்கள் கட்சி இப்போது பட்டணத்துப் படிப்பாளிகளின் கட்சி, தங்களை மறந்தே போய்விட்டது என்று புழுங்கினார்கள். முதலாளிகளின் கட்சியோ அவர்கள் வாசலுக்கே வந்தது. தொழிற்சாலைகளைத் திருப்பிக் கொண்டுவருவோம், வெளியாட்களைத் தடுப்போம் என்றது. ஒவ்வொருவராக அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். கடைசித் தேர்தலில் ராஜாராமும் சாய்ந்தார். சுலோச்சனாவுக்கு அதெல்லாம் தூரத்துச் சங்கதி.

அவள் மகன் தமிழரசன் டெக்சாஸில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். அந்தக் கட்சி ஜெயித்ததும் விசாக் கெடுபிடி கூடியது. கம்பெனி ஆட்குறைப்பு செய்தபோது அவன் வேலை போயிற்று. விசாவோடு அவனை எடுத்துக்கொள்ள வேறெவரும் முன்வரவில்லை. ஆடி மாதம் இரண்டு பெட்டிகளோடு வீடு வந்து சேர்ந்தான்.

“ஒங்க கட்சிக்காரங்க கைல ஒரு வார்த்த சொல்லேன், ண்ணா” என்று அண்ணனிடம் கெஞ்சினாள். மறுவாரம் அவரே கூப்பிட்டார்.

“போனேன் சுலோ. காபி குடுத்தாங்க. ‘நாங்க ஒன்னச் சொல்லல, நீ நம்ம ஆளு’ன்னு தோளத் தட்னாங்க. புள்ள பேர எடுத்தேன், பேச்ச மாத்திட்டாங்க.”

“நீ சட்டப்படி போன. அவனும் சட்டப்படிதான போனான்?”

மறுமுனையில் அண்ணன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“அடுத்த தபா ஓட்டு யாருக்குப் போடப் போற?”

“பளைய கட்சிக்குப் போனா எங்கள வெவரம் இல்லாதவங்கன்னு பாக்கறாங்க. இதுல இருந்தா இப்பிடி. நான் எங்க போவேன் சுலோ?”

அந்த ஓட்டுக்காக நன்றாகத் திட்டிவிட வேண்டும் என்றுதான் ஃபோனை எடுத்திருந்தாள். அழுகிறவரை என்ன திட்டுவது? வைத்துவிட்டாள். அதற்குப் பின் அவர் கூப்பிடவில்லை, அவளும் கூப்பிடவில்லை.

ஐப்பசியில் தமிழரசன் ஒரகடத்துக் கார் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தக் கூலிக்குச் சேர்ந்தான். விடியுமுன்பே பஸ் வந்துவிடும்.

“வேலையெல்லாம் எப்பிடிடா கீது?” என்றாள் ஒரு நாள்.

“கீதும்மா” என்றான், தட்டிலிருந்து தலையெடுக்காமல்.