சிறுநீரகத்துக்கு ஒன்றுமில்லை

புத்தாண்டுக்கு வருகிறேன் என்று அக்கா தொமியே தொலைபேசியில் சொன்னபோதே கினுயோ வீட்டைச் சுற்றி ஒருமுறை பார்த்துக்கொண்டாள். செண்டாய் நகரில் ஒரு கல்லூரியில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவள் தொமியே. கல்யாணம் செய்துகொள்ளாதவள், யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள். தங்கை வீட்டுக்கு அவள் வந்து வருடக்கணக்கில் ஆகிவிட்டது. கினுயோ கணவன் இறந்தபின் கனசாவா நகரில் ஒரு விடுதியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டு, இரண்டு அறைக் குடியிருப்பில் தனியே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

வந்த அன்றே சூப்பில் உப்பு அதிகம் என்றாள் தொமியே. திரைச்சீலை அழுக்கு என்றாள். பிறகு போர்வை மூடிய கணப்பு மேசைக்குள் காலை நீட்டியவள், கழிப்பறைக்குப் போவதற்குக்கூட எழுந்திருக்க யோசித்தாள். புத்தாண்டுக்குச் செய்த மோச்சி அரிசி உருண்டை மட்டும் தடையில்லாமல் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. சில நாளில் முகம் சுண்டிப்போய், வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வெளிக்கே போகலடி. உங்க ஊர்த் தண்ணிதான் காரணம்."

"குடிச்சாத்தானே தண்ணியக் குத்தம் சொல்றதுக்கு? ஊத்தி வச்ச டீயக்கூட ஆற விட்டுட்டுப் பாத்துட்டிருக்க."

"குடிச்சா அந்த நடைவழில போகணும். ஐஸ் பெட்டி மாதிரி வச்சிருக்க கக்கூஸ."

கினுயோ சிரித்துவிட்டாள். எப்போதாவது வயிறு கட்டிக்கொண்டால் அவளே மருந்துக்கடையில் மெக்னீசியம் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது வழக்கம். அதையே வாங்கப் போனாள். யாருக்கு என்று கேட்டார் கடைக்காரர். அக்காவுக்கு என்றதும் வயதைக் கேட்டார், வேறு மருந்து சாப்பிடுகிறாரா என்று கேட்டார். சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு இந்த மாத்திரையில் உள்ள உப்பு வெளியேறாமல் ரத்தத்திலேயே தங்கிவிடும், அதனால் விசாரிக்காமல் கொடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். கினுயோ அங்கே நின்றபடியே வீட்டுக்குப் பேசினாள்.

"எனக்கென்னடி, சிறுநீரகத்துக்கு ஒண்ணுமில்ல. கல்லு மாதிரி இருக்கேன்."

"அதான் உள்ளயும் கல்லா உக்காந்திருக்கு" என்று சொல்லிவிட்டுக் கினுயோ பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

கடைக்காரர் சொன்னதை அப்படியே அக்காவிடம் ஒப்பித்தாள். குறைந்த அளவில் தொடங்க வேண்டும். கூடவே ஒரு பெரிய தம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். மருந்து குடலுக்குள் தண்ணீரை இழுத்து மலத்தை இளக்கும், அதற்கு ஒன்றிரண்டு நாள் ஆகலாம். அவசரப்பட்டு மேலே மேலே போடக்கூடாது. அப்படியும் அசையாவிட்டால் டாக்டரிடம்தான் போக வேண்டும். தொமியே தலையாட்டினாள்.

மறுநாள் கினுயோ வேலைக்குப் போன பிறகு தொமியேவுக்குப் பொறுமை போய்விட்டது. காலையில் போட்டாள், மதியம் போட்டாள், அடுத்த நாளும் அப்படியே. தண்ணீரோ மாத்திரை தொண்டையைத் தாண்டும் அளவுக்குத்தான். மாலையில் வீடு திரும்பிய கினுயோ, அக்கா போர்வைக்குள் சுருண்டு கிடப்பதைப் பார்த்து ஏதோ கோபம் என்று நினைத்தாள். குமட்டுகிறது, தூக்கமாக வருகிறது என்றாள் அவள். சொல் குழறியது. எழுப்பி உட்கார வைத்தால் தலை நிற்கவில்லை. சாப்பிடக் கையில் கொடுத்த குச்சி நழுவி விழுந்தது. மேசைமேல் இருந்த மாத்திரைப் பெட்டியை எடுத்துப் பார்த்தாள் கினுயோ, பாதிக்கு மேல் காலி. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு இளம் பெண் டாக்டர் வெளியே வந்தாள். மெக்னீசியம் ஏகத்துக்கு ஏறியிருக்கிறது, நாடி தளர்ந்திருக்கிறது, அதை முறிக்கும் மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறோம் என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "உங்க அக்காவுக்குச் சிறுநீரகம் பல வருஷமாவே பழுது. செண்டாய்ல வைத்தியம் பாத்துட்டிருக்காங்கன்னு அவங்க பையில இருந்த மருந்துச் சீட்டுல இருக்கு. உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள்.

தெரியாது என்று சொல்லவே கினுயோவுக்குக் கூசியது. அவர்களுடைய அப்பா அதே நோயில்தான் போனார். குளிப்பாட்டியது, துடைத்தது, ரத்தம் சுத்திகரிக்க அழைத்துப்போய் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தது எல்லாம் கினுயோதான். அக்கா செண்டாயில் இருந்தாள்.

தொமியே கண் விழித்துத் தெளிவாகப் பேசியபோது ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. திட்ட வேண்டும் என்றுதான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள் கினுயோ.

"கடையிலேருந்து கேட்டேனே. ஏன் பொய் சொன்ன?"

தொமியே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லத்தான் வந்தேன். வந்த அன்னிக்கே சொல்லணும்னு. இன்னும் கொஞ்ச நாள்ல எனக்கும் அப்பா மாதிரி ரத்தம் சுத்தம் பண்ற மிஷின் வைக்கணும்ங்கறாங்க. தனியா பயமா இருக்குடி. ஆனா அப்பாவ நீ தாங்கின. நான் லீவுல வந்து குத்தம் சொல்லிட்டுப் போனவ. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறது?"

இங்கேயே இருந்துவிடு அக்கா என்று அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். கினுயோவுக்கோ அப்பாவைப் பார்த்துக்கொண்ட அந்த வருடங்களின் மருந்து நெடி மூக்கில் ஏறியது. கோபமும் வற்றவில்லை, பாசமும் விடவில்லை. போர்வை விலகியிருந்த அக்காவின் பாதத்தை மூடிவிட்டு, "தூங்கு" என்று மட்டும் சொன்னாள்.

மலச்சிக்கலுக்கு இப்போது மெக்னீசியம் இல்லாத வேறொரு தூளைத் தந்தார்கள். அதுவும் குடலில் தண்ணீரைப் பிடித்துவைத்து இளக்குவதுதான். ஆனால் சிறுநீரகத்துக்குப் பாரமில்லை என்றாள் டாக்டர். தண்ணீரையும் அவள் சொன்ன அளவில்தான் கலக்க வேண்டும். கினுயோ கலக்கி நீட்டினாள். ருசி கண்றாவி என்றபடி தொமியே ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். உடனே ஒன்றும் நடக்கவில்லை. இந்த முறை அவள் இன்னொன்று கேட்கவில்லை. வயிறு இளக மறுநாள் ஆயிற்று.

வீட்டுக்கு விடும் நாளில் அக்கா உடை மாற்றிக்கொண்டிருக்கும்போது கினுயோ டாக்டரைத் தேடிப் போனாள். ரத்தம் சுத்திகரிக்க இந்த ஊரில் வசதி எங்கே இருக்கிறது, தன் வீட்டிலிருந்து பஸ் உண்டா என்று கேட்டாள். அக்கா இங்கே வந்துவிடப் போகிறாரா என்று டாக்டர் கேட்டதற்கு, இன்னும் தெரியாது, சும்மா விசாரித்து வைக்கிறேன் என்றாள்.