ரெண்டாவதா எழுதின விருப்பம்

முதலிலையே சொல்லிப்போடுறன், கோயில் அந்தோனியாரிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை. அவர் பாவம், என்ன செய்வார். கோவமெல்லாம் என்ரை கெட்டித்தனத்திலைதான். பெரிய மூளைசாலி எண்டு நினைச்சு ஒரு வேலை பாத்தன். அது என்னை எங்கை கொண்டுவந்து விட்டிருக்கு எண்டு கேளுங்கோ.

நான் மேர்சி. ஊர் குருநகர். அப்பா அடைக்கலநாதன் கடற்றொழில், சொந்தமா ஒரு வள்ளம் இருக்கு. அம்மா லூர்த்தம்மா. எனக்கு மூத்தது ஜெயசுதன் அண்ணை. நான் ஏ.எல்.லிலை பயோ படிச்சு, முதல்தரம் கோட்டைவிட்டு, ரெண்டாந்தரம் எடுத்து, ஒரு மாதிரிக் கம்பஸுக்குப் போற அளவுக்கு இசட் ஸ்கோர் வந்திட்டுது. றிசல்ட்ஸ் வந்தண்டைக்கு அப்பா கடையிலை றோல்ஸ் வாங்கி ஒழுங்கை முழுக்கக் குடுத்தார். அடுத்த நாள் வீட்டிலை சண்டை தொடங்கிச்சுது.

அம்மாவுக்கு நான் நர்ஸ் ஆகவேணும். நர்சிங் டிகிறி யாழ்ப்பாணக் கம்பஸிலையே இருக்கு, வீட்டிலை இருந்து சைக்கிளிலை போய்வரலாம், முடிச்சால் கவுண்மேந்து வேலை, பிறகு பென்சன். எனக்கு மீன் படிக்கவேணும். கடற்றொழில் விஞ்ஞானம் எண்டு, தெற்கிலை இருக்கிற மாத்தறைக் கம்பஸிலை நாலு வருசப் படிப்பு. இதைச் சொன்னவுடனை அம்மா மீன் வெட்டின கத்தியை வைச்சிட்டு என்னைப் பாத்தா. மீனைப் படிக்கக் கம்பஸ் எதுக்கு, கொப்பரோடை வள்ளத்திலை ஏறு, சும்மா படிக்கலாம் எண்டா. மனிசன் இவ்வளவு காலமும் வெயிலிலை காய்ஞ்சது பிள்ளையளைக் கரையேத்தத்தான், இவள் என்னடாவெண்டால் திரும்பக் கடலுக்கை இறங்க நிக்கிறாள் எண்டு அடுத்த வீட்டுக்கும் கேக்கத்தான் சொன்னா. அப்பா கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டிருந்தார். வீட்டிலை சண்டை வந்தால் அவருக்குப் பொத்த எப்பவும் ஒரு வலை இருக்கும்.

எனக்கு நண்டிலை ஒரு விசர். ஒன்பதாம் ஆண்டு படிக்கேக்கை கவனிச்சன், அப்பான்ரை வலையிலை வாற நீலக்கால் நண்டு ஒரு மாசம் முழுக்கச் சினையோடை வரும், பேந்து கொஞ்சக் காலத்துக்கு ஒண்டுகூட வராது. ஏன் எண்டு அப்பாவைக் கேட்டன். அது அப்பிடித்தான் எண்டார். அப்பிடித்தான் எண்டால் எப்பிடி? அண்டையிலை இருந்து ஒரு சி.ஆர். கொப்பியிலை எழுதத் தொடங்கினன். அம்மா கறிக்கு எத்தினை நண்டு உடைச்சவ, அதிலை எத்தினை சினை, என்ன தேதி, காத்து எந்தப் பக்கம். பள்ளிக்கூடம் விட்டு வந்தவுடனை முதல் வேலை குசினிக்குள்ளை போய் அம்மா எறிஞ்ச கோதுகளைக் கிளறுறது. மூண்டு கொப்பி முடிஞ்சுது. ரியூசன் கொப்பி எண்டுதான் அம்மாவுக்கு நினைப்பு.

ஆனால் மனச்சாட்சியைத் தொட்டுச் சொன்னால் எனக்கும் அந்தளவு தெளிவில்லை. காரணம் அண்ணை. அவர் ஆட்ஸிலை புவியியல் விரும்பி எடுத்து, கிளாஸோடை பாஸ் பண்ணினவர். வேலையில்லாப் பட்டதாரியள் வேலை கேட்டு, கவுண்மேந்துக் கச்சேரிக் கந்தோருக்கு முன்னாலை கொட்டில் போட்டு இருந்தபோது அவரும் போய் இருந்தவர். இப்ப ரவுணிலை ஒரு கொமியூனிக்கேசன் கடையிலை மற்றவையின்ரை விண்ணப்பங்களை அடிச்சுக் குடுக்கிறார். விரும்பினதைப் படிச்சால் இப்பிடித்தான் எண்டு அம்மா அவரை வைச்சுக்கொண்டே சொல்லுவா. அண்ணை சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பாக்க எனக்குப் பயமாயிருக்கும்.

கம்பஸ் விண்ணப்பம் நிரப்பினதும் அண்ணையின்ரை கடையிலைதான். அதிலை விசயம் என்னெண்டால், படிக்க விரும்புற பாடநெறிகளை ஒண்டு, ரெண்டு எண்டு வரிசையா எழுதவேணும். மிசின் மேலை இருந்து கீழை பாத்துக்கொண்டு வரும். உங்கடை புள்ளி எதுக்கு முதல் காணுதோ அதைத் தந்திட்டு நிண்டிடும். போன வருசம் யாழ்ப்பாண மாவட்டத்துக்கு நர்சிங் வெட்டுப்புள்ளி என்ரை புள்ளியைவிட ஒரு துளி மேலை. மீன் படிப்புக்கு எனக்குப் புள்ளி தாராளம். இங்கைதான் என்ரை மூளை வேலை செய்தது. நர்சிங்கை முதலாவதாப் போடுவம், அம்மாவும் சந்தோசம், வீட்டிலை சண்டையும் இல்லை. எப்பிடியும் அது கிடைக்காது. மிசின் ரெண்டாவதுக்கு இறங்கும், மீன் கிடைக்கும். நான் என்ன செய்யிறது, புள்ளி காணேல்லையே எண்டு முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு மாத்தறைக்கு பஸ் ஏறுவன்.

இதை அண்ணைக்குச் சொன்னன். அவர் கீபோட்டிலை இருந்து கையை எடுத்தார்.

"மேர்சி, உந்த மிசினுக்கு அம்மாவைத் தெரியாது. மேலை எதை எழுதிறியோ அதைத்தான் உன்ரை விருப்பம் எண்டு எடுக்கும்."

நீங்கள் அடியுங்கோ அண்ணை, எனக்குத் தெரியும் எண்டன். அடிச்சார். அம்மாவுக்குக் காட்ட ஒரு பிரிண்டும் எடுத்துத் தந்தார். அம்மா அதை இயேசுவின்ரை திருவிருதயப் படத்துக்குப் பின்னாலை செருகி வைச்சா.

அந்தக் கிழமையே அம்மா நேர்த்தி வைச்சா. பதின்மூண்டு செவ்வாய் அந்தோனியார் கோயிலுக்கு நடந்துபோய் மெழுகுதிரி கொளுத்துறது, கேட்டது கிடைச்சால் அம்பது றாத்தல் பாண் ஏழையளுக்குக் குடுக்கிறது. எங்கடை ஆக்களுக்கு அது வழக்கம். கேட்டது கிடைச்சால்தான் பாண், கிடைக்காட்டில் இல்லை. அதிலை ஒரு ஒளிவுமறைவும் கிடையாது. அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனா. ரெண்டுபேரும் பக்கத்திலை பக்கத்திலை முழங்காலிலை நிப்பம். அவ இந்த வருச நர்சிங் வெட்டுப்புள்ளி இறங்கவேணும் எண்டு மண்டாடுவா. நான் ஏறவேணும் எண்டு மண்டாடுவன். ஒரே வீட்டாலை, ஒரே நேரத்திலை, ரெண்டு மனு. அந்தோனியார் என்னத்தைத்தான் நினைச்சிருப்பார்.

பதின்மூண்டு செவ்வாயும் முடிஞ்சுது, வெட்டுப்புள்ளி வரேல்லை. இந்த நாட்டிலை எதுதான் சொன்ன நேரத்துக்கு வந்தது? அம்மா சலிக்காமல் ரெண்டாம் சுற்றுத் தொடங்கினா.

அந்த நேரத்திலைதான் அப்பான்ரை கையிலை திருக்கை முள்ளு ஏறிச்சுது. உள்ளங்கை வீங்கி, மனிசன் வேதனையிலை பல்லைக் கடிச்சுக்கொண்டு வந்தார். பக்கத்து ஒழுங்கையிலை பெரியாஸ்பத்திரி நர்ஸ் கிறிஸ்ரி அக்கா இருக்கிறா. டியூட்டி முடிஞ்சு வந்தவ, உடுப்புக்கூட மாத்தாமல் வந்து, கையைச் சுடுதண்ணிக்குள்ளை வைக்கச் சொன்னா, முள்ளுத் துண்டை எடுத்தா, கழுவினா, கட்டினா. இடையிலை அப்பாவைப் பகிடியும் பண்ணினா, மாமா, திருக்கைக்கு உங்கடை வயசு தெரியாது போல எண்டு. அப்பாவின்ரை முகம் மெல்ல மெல்ல இளகினதை நான் பக்கத்திலை நிண்டு பாத்தன். ஒரு ஆளின்ரை நோவைக் கையாலை எடுத்து எறியிறது எண்டால் லேசுப்பட்ட வேலையோ? நான் கொப்பியும் பேனையுமா எத்தினை வருசம் எழுதினாலும் அப்பான்ரை ஒரு முள்ளைக் கழட்டுவனோ?

அண்டைக்கு எனக்கு நித்திரை கெட்டுப்போச்சுது. ஒருபக்கம் மாத்தறை, அங்கை ஆரையும் தெரியாது, சிங்களமும் அரைகுறை. மற்றப்பக்கம் வெள்ளை உடுப்பு, மாசச் சம்பளம், அம்மான்ரை சிரிப்பு. நண்டைப் பிடிக்குமோ? பிடிக்கும். நர்சிங் பிடிக்காதோ? ஐயோ, அதுவும் பிடிக்கும் போலை கிடக்கு. எனக்கு எதுதான் வேணும் எண்டு என்னைக் கேட்டால், எனக்கே மறுமொழி தெரியாது. அடுத்த செவ்வாய் முழங்காலிலை நிண்டு, ஏறவேணுமெண்டும் கேக்க முடியேல்லை, இறங்கவேணுமெண்டும் கேக்க முடியேல்லை. அந்தோனியாரே, உங்களுக்குத் தெரிஞ்சதைச் செய்யுங்கோ எண்டிட்டு எழும்பி வந்திட்டன்.

அம்மாவும் அந்த நாளுகளிலை ஒரு மாதிரித்தான் இருந்தா. நண்டு உடைக்கேக்கை கோதுகளை எறியிறதில்லை, ஒரு கோப்பையிலை வைச்சு மூடிவிடுவா. நான் வந்தவுடனை, உதைப் பாத்திட்டு எறி எண்டுவா. ஒருநாள் அதிலை ஒரு சினை நண்டைத் தனிய எடுத்து வைச்சிருந்தா. நர்சிங்கை முதலாவதாப் போட்டதிலை மனுசி குளிர்ந்துபோச்சுது எண்டுதான் நான் நினைச்சன்.

ரெண்டாம் சுற்றிலை ஆறாவது செவ்வாய். நாங்கள் கோயிலுக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிக்க அண்ணை கடையிலை இருந்து போன் எடுத்தார். வெட்டுப்புள்ளி வந்திட்டுது எண்டார். நான் கத்தினன், சொல்லுங்கோவன் எண்டு.

"நர்சிங் இறங்கிப்போச்சு. உனக்கு அதுதான் கிடைச்சிருக்கு."

என்ரை வாயிலை இருந்து முதலிலை வந்தது என்ன தெரியுமோ? அப்பாடா எண்டு ஒரு மூச்சு. சத்தியமா. மாத்தறை இல்லை, பயம் இல்லை, ஒருத்தருக்கும் நான் மறுமொழி சொல்லத் தேவையில்லை எண்டு. அடுத்த நிமிசமே மூண்டு கொப்பியும் கண்ணுக்கு முன்னாலை வந்து நிண்டுது. சிரிக்கிறதோ அழுகிறதோ எண்டு தெரியாமல் போனையும் பிடிச்சுக்கொண்டு நிண்டன்.

அப்பா விசயத்தைக் கேட்டிட்டு, கட்டுப்போட்ட கையாலையே என்ரை தலையைத் தடவினார். பிறகு சேட்டு மாட்டிக்கொண்டு, பேக்கரியிலை பாணுக்குச் சொல்லிப்போட்டு வாறன், அம்பதுதானே எண்டார். அம்மா வாசலிலை மெழுகுதிரிப் பெட்டியோடை நிண்டவ, அசையேல்லை.

"பாண் சொல்லவேண்டாம்," எண்டா. "நான் கேட்டது கிடைக்கேல்லை."

எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. அப்பாவும் ஒரு கை சேட்டுக்கு உள்ளையும் ஒரு கை வெளியையுமா நிண்டார். அம்மா வந்து கதிரையிலை இருந்தா. அலுமாரி துடைக்கேக்கை உன்ரை கொப்பியள் விழுந்தது, விரிச்சுப் பாத்தன் எண்டா. எல்லாப் பக்கத்திலையும் 'அம்மா உடைச்சது பதினொண்டு', 'அம்மா உடைச்சது ஏழு', 'அம்மாவுக்குக் காய்ச்சல், நண்டு இல்லை' எண்டு கிடந்ததாம். நான் இவ்வளவு வருசமும் சமைச்சதை ஒருத்தரும் கணக்கிலை எடுக்கேல்லை எண்டு நினைச்சிருந்தன் பிள்ளை எண்டா. பதின்மூண்டு முடிஞ்ச அண்டைக்குத்தானாம் அதைப் பாத்தது. ரெண்டாம் சுற்றிலை ஒவ்வொரு செவ்வாயும் அவ கேட்டது மாத்தறையை. நர்சிங்கைப் பேப்பரிலை மேலை எழுதிப்போட்டு நான் அழுதுகொண்டு திரியிறன் எண்டு நினைச்சவவாம்.

"இனி மாத்தேலாதோ?"

அம்மா இதைக் கேக்க நான் அண்ணைக்குத் திரும்பப் போன் எடுத்தன். அவர் வடிவா விளங்கப்படுத்தினார். வெற்றிடம் வந்தால் நிரப்புவினமாம், ஆனால் மேலை எழுதினதுக்குத்தான் போகலாம். மூண்டாவது கிடைச்ச ஆள் ரெண்டாவதுக்கோ முதலாவதுக்கோ ஏறலாம். முதலாவது கிடைச்ச ஆள் கீழை வரேலாது. அந்த ஆளுக்குத்தான் விரும்பினது கிடைச்சிட்டுதே எண்டு மிசின் நினைக்கும். வேண்டாமெண்டு விட்டால் மூண்டாந்தரம் சோதினை எடுக்கலாம், புள்ளி ஏறுமோ இறங்குமோ ஆருக்குத் தெரியும். அண்ணை என்னை ஏசேல்லை. நான் அப்பவே சொன்னனான் எண்டு ஒரு சொல்லும் சொல்லேல்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

நான் வாசலிலை இருந்து யோசிச்சுப் பாத்தன். அம்மா கேட்டது மாத்தறை. நான் ஒண்டையும் கேக்கேல்லை. அப்பா எப்பவுமே ஒண்டும் கேக்கிற ஆளில்லை. இந்த வீட்டிலை நர்சிங் வேணும் எண்டு கடைசிவரைக்கும் கேட்டுக்கொண்டு நிண்டது ஒண்டே ஒண்டுதான். நான் அண்ணையைக் கொண்டு அடிப்பிச்ச அந்தப் பட்டியல். கோதாரி, அதுவும் படத்துக்குப் பின்னாலை இருந்து ஒவ்வொரு நாளும் கேட்டிருக்கு.

பதியிறதுக்கு ரெண்டு கிழமை தந்தவை. மூண்டாந்தரம் எடு, நான் இருக்கிறன் எண்டு அப்பா ஒருநாள் சொன்னார். வலை பொத்தாமல் சொன்னார். கிறிஸ்ரி அக்கா வந்து, வாடி எங்கடை ஆஸ்பத்திரி வோட்டுக்கு எண்டு கட்டிப்பிடிச்சா. நான் காலமை ஒரு முடிவு, பின்னேரம் ஒரு முடிவு எண்டு திரிஞ்சு, கடைசி நாளுக்கு முதல் நாள் அண்ணையின்ரை கடையிலை போய்ப் பதிஞ்சன். சரியோ பிழையோ எண்டு இப்பவும் தெரியாது. பிழை எண்டு சொல்லவும் வாய் வரேல்லை, அதிலைதான் எனக்குக் கூடுதல் கோவம்.

பதிஞ்சுபோட்டு வீட்டை வர அம்மா குசினிக்குள்ளை நண்டு உடைச்சுக்கொண்டிருந்தா. பதிஞ்சாச்சோ எண்டு கேக்கேல்லை. என்ரை முகத்தை ஒருக்கால் பாத்தா, பிறகு கையைக் கழுவிக்கொண்டு சொன்னா.

"பிள்ளை, இண்டைக்கு ஒன்பது. சினை ரெண்டு. காத்து வாடைக்காத்து எண்டு அப்பா சொன்னவர்."

நான் நாலாவது கொப்பியைத் திறந்து எழுதினன்.