பௌர்ணமி சுத்தம்

“ரூட் பாஸ்வேர்டக் குடுங்க சார்.”

லாட்ஜ் முதலாளி ராஜமாணிக்கம், நான் அவர் வீட்டு பீரோ சாவியைக் கேட்டதுபோல் பார்த்தார். வேலையில் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்: “லீவு கேளு, அட்வான்ஸ் கேளு. அத மட்டும் வாயத் தொறந்து கேக்காத. அது எங்க அக்கா பையன் சமாச்சாரம்.”

அந்த பாஸ்வேர்ட் இல்லாமல் எங்கள் லினக்ஸ் கம்ப்யூட்டரில் எந்த மென்பொருளையும் ஏற்றவும் முடியாது, நீக்கவும் முடியாது. ஆகவே கட்டளையை நான் அடிப்பேன். அக்கா பையன் சரவணகுமார் வந்து, கீபோர்டை வயிற்றோடு அணைத்து, எனக்கு முதுகைக் காட்டி பாஸ்வேர்டை அடித்துவிட்டுப் போவார். கம்ப்யூட்டர் பட்டம் என்னுடையது. ‘சிஸ்டம் அட்மின்’ என்ற விசிட்டிங் கார்டு அவருடையது.

பௌர்ணமி வந்தால் செங்கம் ரோட்டு லாட்ஜ்களை எல்லாம் கழுவிவிடுவார்கள். சரவணகுமார் கம்ப்யூட்டரையும் விடமாட்டார். மானிட்டருக்கு விபூதிப் பட்டை போடுவார். பிறகு உள்ளே யாரும் தொடாத மென்பொருள் பேக்கேஜ் ஒன்றைத் தேடிப் பிடித்து நீக்குவார். பரணில் கிடக்கும் ஓட்டைக் குடத்தைக் கழிப்பதுபோல. இன்று காலை மாட்டியது பைத்தான்.

“இத யாரு யூஸ் பண்றா?”

“கம்ப்யூட்டரே யூஸ் பண்ணுது. கை வைக்காதீங்க.”

“உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்.”

கூடவே என்னென்ன போகும் என்று திரை மூச்சுவிடாமல் வரிசையாகச் சொன்னது. சம்மதமா என்றும் கேட்டது. ஒரு வரிகூடப் படிக்காமல் சம்மதம் தட்டிவிட்டு, செருப்பைக் கழற்றிப்போட்டுக் கிரிவலம் கிளம்பினார். மௌன விரதம் வேறு.

மதியம் கரண்ட் போய் வந்தது. பைத்தான் இல்லாமல் கம்ப்யூட்டர் எழுந்தபோது கறுப்புத் திரையும் சில வெள்ளை எழுத்துகளும்தான் மிச்சம். ரூம் புக்கிங்கைத் திறக்க வழியில்லை.

கவுண்டரில் கூட்டம் சேர்ந்தது. விழுப்புரத்திலிருந்து வந்த ஒருவர் மூட்டையை என் முன்னால் வைத்தார். “ரூம் இருக்குதா இல்லியாம்மா?”

“கம்ப்யூட்டரு சொல்லணுங்க. அதுவும் மௌன விரதத்துல இருக்கு.”

அப்போதுதான் கேட்டேன், கேட்கக் கூடாததை.

“பாஸ்வேர்டு எனக்கும் தெரியும்மா,” என்று இழுத்தார் முதலாளி. “ஆனா அவன ஒரு வார்த்த கேட்டுக்கறேன்.” வீடியோ கால் போட்டார். அடி அண்ணாமலை பக்கம் நடந்துகொண்டிருந்த சரவணகுமார், நெற்றி நிறைய விபூதியோடு திரையில் வந்தார்.

“டேய், இந்தப் பொண்ணுகிட்ட பாஸ்வேர்டச் சொல்லிடலாமா?”

சரவணகுமார் என்னைப் பார்த்தார். கூடாது என்று தலையாட்டினார். பிறகு, வந்து பார்த்துக்கொள்கிறேன் என்பதுபோல் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார். அதில் கொஞ்சம் ஆசீர்வாதமும் இருந்தது.

முதலாளி போனை வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “பாஸ்வேர்டே இல்லாம உள்ள போறதுக்கு வழி இருக்குனு ஒரு நாள் சொன்னல்ல? அப்படியே போயி சரி பண்ணிடு. நான் பாக்கல. அவனும் சங்கடப்பட மாட்டான்.”

வழி இருக்கிறது. மெஷினைத் திரும்ப எழுப்பும்போதே, பழுதுபார்க்க வைத்திருக்கும் ரெகவரிக்குள் நுழைந்தால் போதும், போனதையெல்லாம் ஏற்றிவிடலாம். சேர்ந்த வாரமே நுழைந்திருக்கலாம். அது என் வேலை, பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கித்தான் செய்வது என்று இருந்தேன்.

“திருடி மாதிரி நொழஞ்சா பரவால்ல, கேட்டு வாங்குனாதான் தப்பு. அப்படித்தான சார்?”

“அதில்லம்மா. அக்கா கோச்சுக்கும். குடும்பத்துல பிரச்சன ஜாஸ்தியாயிடும்.”

“எங்க வீட்டுல மொதல்ல காலேஜ் போனவ நான். உங்க அக்கா கோச்சுக்காம பாத்துக்கறதுக்குப் படிக்கல.”

“செரி, கோவப்படாத. நாளைக்கு உக்காந்து பேசிக்கலாம்.”

நாளை நான் வரப்போவதில்லை. அந்த உள்ளங்கையைப் பார்த்தபோதே முடிவு செய்துவிட்டேன். பையை எடுத்துக்கொண்டேன். விழுப்புரத்துக்காரர் மூட்டையை நகர்த்தி வழிவிட்டார். படி இறங்கி ரோட்டுக்கு வந்தேன்.